அலைன்மென்ட் தாளில் எல்லாம் பச்சை, ஆனாலும் முன் டயர் உள்பக்கம் தின்கிறது

உள்ளோரம்:
வணக்கம். இரண்டு மாதமாக மண்டையைக் குடைகிற விஷயம், நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என்னுடையது முன் சக்கரம் இழுக்கிற சின்ன ஹேட்ச்பேக். டயர் போட்டு 18,000 கி.மீ. ஆகிறது. இரண்டு மாதம் முன்பு பஞ்சர் ஒட்டுவதற்காக முன் இடது சக்கரத்தைக் கழற்றினார்கள், அப்போதுதான் கவனித்தேன், உள் ஓரம் மட்டும் கிட்டத்தட்ட மொட்டை. வெளியே நின்று பார்த்தால் பட்டன் (தரையில் படுகிற ரப்பர் கட்டைகள்) நன்றாகவே இருக்கிறது, சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கிற கோணம், போயிருக்கும் என்றார்கள், சரிசெய்தேன். 4,000 கி.மீ. ஓடியதும் கழற்றிப் பார்த்தால் இன்னும் தேய்ந்திருக்கிறது. வேறு இடத்தில் மறுபடியும் செய்தேன். அவர்கள் கொடுத்த தாளில் எல்லா எண்ணும் பச்சை, அதாவது அளவுக்குள். "அலைன்மென்ட் பக்கா, டயர்தான் சரியில்லை, மாற்றிவிடுங்கள்" என்கிறார்கள். ஒரே நாளில் வாங்கிய நாலு டயரில் ஒன்று மட்டும், அதிலும் ஒரு ஓரம் மட்டும் எப்படிச் சரியில்லாமல் போகும்?

நாற்பதுகாத்து:
காற்று குறைவாக ஓட்டியிருப்பீர்கள். நான் எப்போதும் 40 psi வைப்பேன். ஓரத் தேய்மானம் என்ற பேச்சே கிடையாது.

கிரீஸ்கை:
காற்று குறைந்தால் இரண்டு ஓரமும் தேயும் நண்பரே, ஒரு ஓரம் தேயாது. காற்று இல்லாத டயர் நடுவில் உள்வாங்கிக்கொண்டு இரண்டு தோளிலும் பாரத்தைத் தூக்கும், அதனால் உள்ளேயும் வெளியேயும் சேர்ந்து போகும். அளவுக்கு மீறி அடித்தால் நடு பிதுங்கி, நடு தேயும். இப்போதைய ரேடியல் டயர்களில் உள்ளே இரும்புப் பட்டை இருப்பதால் நடுத் தேய்மானம் பழைய டயர் அளவுக்குப் பளிச்சென்று தெரியாது, அதை வைத்து 40 சரி என்று முடிவுக்கு வராதீர்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் போட்டிருக்கிற எண்தான் உங்கள் வண்டிக்கு. டயர் பக்கவாட்டில் பொறித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதை அப்படியே அடிக்கிறவர்கள் நிறையப் பேர்.

உள்ளோரம், படம் போட வேண்டாம், படத்தில் ஒன்றும் தெரியாது. ஆழம் அளக்கிற சின்ன கேஜ் ஒன்று வாங்குங்கள். ஒவ்வொரு டயரிலும் உள் ஓரக் காடி (பட்டன்களுக்கு நடுவிலிருக்கிற பள்ளம்), நடு, வெளி ஓரக் காடி என்று மூன்று இடம், நாலு டயருக்குப் பன்னிரண்டு எண். அப்புறம் முக்கியமானது, உள்ளங்கையை டயர் மேல் வைத்து குறுக்கே தடவுங்கள். முதலில் வெளியிலிருந்து உள்ளே, அடுத்து உள்ளேயிருந்து வெளியே. எந்தப் பக்கம் வழுக்குகிறது, எந்தப் பக்கம் கையில் பிடிக்கிறது என்று சொல்லுங்கள். மொட்டையான இடத்தில் கம்பி வெளியே வந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுத் தடவுங்கள், அந்தக் கம்பி ஊசி மாதிரி ஏறும். கம்பி தெரிந்தால் தடவவே வேண்டாம், வண்டியையும் எடுக்க வேண்டாம்.

வளைவுப்பாதை:
இதே இழையில் கேட்டுவிடுகிறேன், மன்னிக்கவும். எனக்கு முன் டயர் இரண்டிலும் வெளி ஓரம் மட்டும் போகிறது. தினமும் மலைப்பாதையில் ஏறி இறங்குகிற ஓட்டம். இதுவும் அலைன்மென்ட்தானா?

கிரீஸ்கை:
இருக்கலாம், ஆனால் முதலில் உங்கள் வேகத்தைத்தான் சந்தேகப்படுவேன். வளைவில் வேகமாகப் போனால் முன் டயர் வெளித்தோளில் சாய்ந்துதான் திரும்பும், இரண்டு பக்கமும் ஒரே அளவில் உருண்டையாகத் தேய்ந்திருந்தால் அதுதான். காற்றுக் குறைவும் அதைக் கூட்டும். குறுக்கே தடவும்போது ரம்பம் மாதிரி பிடித்தால் மட்டும் டோ, அதாவது சக்கரத்தின் மூக்கு உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கிற கோணம், அதன் பக்கம் பாருங்கள்.

பழையகியர்:
தடவிப் பார்ப்பது என்றதும் நினைவு வருகிறது, எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் வண்டி உள்ளே வந்ததும் சாவியைக்கூட வாங்காமல் குனிந்து நாலு டயரையும் தடவிவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பார். பாதி நாள் வண்டிக்காரர் குறையைச் சொல்வதற்குள் அவரே சொல்லிவிடுவார்.

உள்ளோரம்:
கேஜ் வாங்கி அளந்தேன். எல்லாம் மில்லிமீட்டரில். முன் இடது: வெளி 5.8, நடு 5.5, உள் 2.1. முன் வலது: வெளி 5.6, நடு 5.6, உள் 4.9. பின்னால் இரண்டும் ஓரத்தில் 6.4, நடுவில் 6.5, வித்தியாசம் இல்லை. கம்பி தெரியவில்லை. முன் இடதில் வெளியிலிருந்து உள்ளே தடவினால் கையில் பிடிக்கிறது, ஒவ்வொரு பட்டனின் விளிம்பும் சீப்புப் பல் மாதிரி. உள்ளேயிருந்து வெளியே தடவினால் வழவழவென்று போகிறது. வலதில் அதே மாதிரி இலேசாக இருக்கிறது, உற்றுக் கவனித்தால்தான் தெரியும். வண்டி ஒரு பக்கம் இழுக்கவில்லை. ஸ்டியரிங் நேராகத்தான் நிற்கிறது. பிரேக் அழுத்தும்போது மட்டும் இலேசாக இடது பக்கம் அசைகிற மாதிரி ஓர் உணர்வு, அது சாலையின் சாய்வாக இருக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

கிரீஸ்கை:
கடைசி வரியை முதல் வரியாக எழுதியிருக்கலாம் நீங்கள்.

சரி, ஒவ்வொன்றாக வருகிறேன். உள் ஓரம் மட்டும் தேய இரண்டு பெரிய காரணம். ஒன்று கேம்பர், அதாவது முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருப்பது. இன்னொன்று டோ, மேலேயிருந்து பார்க்கும்போது இரண்டு சக்கரத்தின் மூக்கும் வெளியே பார்த்துக்கொண்டிருப்பது. கேம்பரால் தேய்ந்தால் ஓரம் வழவழப்பாகத் தேயும், எந்தப் பக்கம் தடவினாலும் ஒரே மாதிரி. டோ என்றால் டயர் உருண்டுகொண்டே பக்கவாட்டில் உரசுகிறது, அதனால் பட்டனின் ஒரு விளிம்பு மழுங்கி மறு விளிம்பு கூர்மையாகும். உங்கள் கை சொல்வது டோ அவுட். மூக்கு வெளியே பார்க்கும்போது கூர்மை வெளிப்பக்கம் நிற்கும், அதனால்தான் வெளியிலிருந்து வருகிற கை மாட்டுகிறது. டோ இன் என்றால் இது அப்படியே தலைகீழ், வெளி ஓரம் தேய்ந்து, உள்ளேயிருந்து வெளியே தடவும்போது மாட்டும்.

டோ எவ்வளவு பொல்லாதது என்பதற்குச் சின்னக் கணக்கு. ஒரு சக்கரம் கால் டிகிரி தப்பி நின்றால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய 4.4 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. கண்ணுக்குத் தெரியாத கோணம்தான், ஆனால் 10,000 கி.மீ.க்கு 44 கி.மீ. தூரம் டயரைத் தார்ச்சாலையில் குறுக்கே தேய்த்த கணக்கு. கேம்பர் ஒரு டிகிரி சாய்ந்தாலும் இந்த வேகத்தில் தின்னாது.

கேள்வி என்னவென்றால், தாளில் டோ பச்சையாக இருக்கும்போது டயரில் டோ அவுட் எங்கிருந்து வந்தது?

நாற்பதுகாத்து:
மெஷின் சரியில்லை, வேறென்ன.

கிரீஸ்கை:
இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிப் பொய் சொல்லுமா? மெஷின் உண்மையைத்தான் சொல்லியிருக்கும். ஆனால் அது பார்ப்பது நிற்கிற வண்டியை. ஸ்டியரிங்கைப் பூட்டி, வண்டி அசையாமல் இருக்கும்போது அளக்கிறது. சாலையில் அப்படியா? பிரேக் பிடித்தால் சாலை சக்கரத்தைப் பின்னால் தள்ளுகிறது, வேகம் கொடுத்தால் சக்கரம் முன்னால் இழுக்கிறது. சக்கரத்தைச் சட்டத்தோடு பிடித்துக்கொண்டிருக்கிற லோயர் ஆர்ம், அது சட்டத்தில் சேர்கிற இடத்து ரப்பர் புஷ், சக்கரப் பக்கம் இருக்கிற உருண்டை மூட்டான பால் ஜாயின்ட், ஸ்டியரிங்கோடு சேர்க்கிற டை ராட் எண்ட், இதில் ஏதாவது ஒன்று தளர்ந்திருந்தால் ஒவ்வொரு தடவையும் சக்கரம் திரும்பிக்கொள்ளும், நின்றதும் பழைய இடத்துக்கு வந்துவிடும். அப்போது அளந்தால் பச்சைதான். ஆடுகிற பல்லை வைத்துக்கொண்டு கரும்பு கடிக்கிற கதை, ஆட்டத்தைச் சரிசெய்யாமல் எத்தனை தடவை அலைன்மென்ட் செய்தாலும் அந்தக் கோணம் நிற்காது. அலைன்மென்டுக்கு முன் ஆட்டம் பார்ப்பது செய்பவரின் வேலை, பலர் பார்ப்பதில்லை.

நீங்கள் பிரேக்கில் இடது பக்கம் அசைகிறது என்கிறீர்கள், தேய்வதும் இடது. எனக்கு அந்த லோயர் ஆர்மின் பின்பக்கப் புஷ் மேல்தான் சந்தேகம்.

பழையகியர்:
நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். பார்க்கிற விதம்: ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்துவிட்டு (வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள், ஒரு தடவை ஜாக்கி சரிந்ததை நேரில் பார்த்தவன் சொல்கிறேன்), கடிகாரத்தில் 12, 6 இருக்கிற இடத்தில் இரண்டு கையால் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பால் ஜாயின்ட் அல்லது பேரிங். யாரையாவது பிரேக்கை அழுத்தச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள், ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங் பக்கம், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட் பக்கம். அடுத்து 9, 3 இடத்தில் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்ட் தெரியும். ஆனால் ரப்பர் புஷ் இப்படிக் கையால் ஆட்டினால் மாட்டாது, அது பெரிய விசைக்குத்தான் அசையும். லீவர் கம்பியை ஆர்முக்கும் சட்டத்துக்கும் நடுவில் கொடுத்து நெம்ப வேண்டும்.

கம்பி இல்லையென்றால் சமதரையில் வண்டியை நிறுத்தி, ஒருவர் உள்ளே உட்கார்ந்து மெதுவாக முன்னால் நகர்த்திப் பிரேக், பின்னால் நகர்த்திப் பிரேக், இப்படி நாலைந்து தடவை. நீங்கள் பக்கவாட்டில் நாலடி தள்ளி நின்று, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவிலிருக்கிற இடைவெளியை மட்டும் பாருங்கள். முன்னால் பின்னால் நிற்காதீர்கள். நல்ல வண்டியில் சக்கரம் அசைவது தெரியாது. புஷ் போயிருந்தால் ஒவ்வொரு பிரேக்குக்கும் சக்கரம் மட்கார்டுக்குள்ளேயே முன்னும் பின்னும் ஊஞ்சல் ஆடும், சில நேரம் டொக்கென்று சத்தமும் வரும்.

ஊம்சத்தம்:
நானும் வரிசையில் நிற்கிறேன். பின்னாலிருந்து ஊம் ஊம் என்று சத்தம், 60 தாண்டினால் அதிகம். பேரிங் என்று மாற்றினேன், சத்தம் போகவில்லை. பின் டயரைக் குறுக்கே தடவினால் ஒன்றும் இல்லை.

கிரீஸ்கை:
குறுக்கே தடவாதீர்கள், சுற்றுவாக்கில் தடவுங்கள். ஒரு பக்கம் வழுக்கி மறுபக்கம் படிக்கட்டு மாதிரி மாட்டினால் பட்டனின் முன் விளிம்பு ஒரு உயரம், பின் விளிம்பு ஒரு உயரம் என்று தேய்ந்திருக்கிறது. இழுக்காமல் சும்மா உருள்கிற பின் சக்கரத்தில், டயரை இடம் மாற்றாமலே ஓட்டினால் இது வரும், சத்தம் அசல் பேரிங் மாதிரியே இருக்கும். பேரிங்கா டயரா என்று பிரிக்க: சாலை மாறும்போது சத்தம் மாறினால் டயர். நீண்ட வளைவில் பாரம் ஒரு பக்கம் சாயும்போது கூடிக் குறைந்தால் பேரிங். இன்னும் சந்தேகமென்றால் பின் டயரை முன்னால் மாற்றுங்கள், சத்தம் முன்னால் வந்துவிட்டால் புது பேரிங் வீண் செலவு. வருத்தமாகத்தான் இருக்கும்.

சுற்றுவாக்கில் தடவும்போது படிக்கட்டாக இல்லாமல் அங்கங்கே குழிகுழியாக, கிண்ணம் கிண்ணமாக இருந்தால் அது வேறு. ஷாக் அப்சார்பர் செத்துச் சக்கரம் தரையில் துள்ளிக்கொண்டே ஓடியிருக்கும், அல்லது பேலன்சிங் இல்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் சப்பட்டை என்றால் பிரேக் பூட்டி இழுத்திருக்கிறீர்கள்.

ஊம்சத்தம்:
படிக்கட்டுதான். பேரிங் காசு போச்சு.

உள்ளோரம்:
ஞாயிற்றுக்கிழமை பார்த்தோம். என் தம்பி உள்ளே, நான் வெளியே. முதல் இரண்டு தடவை ஒன்றும் தெரியவில்லை, எனக்கே சலித்துவிட்டது. அப்புறம் வலது பக்கம் போய் நின்று பார்த்துவிட்டு மறுபடி இடதுக்கு வந்தேன், அப்போது தெரிந்தது பாருங்கள்! வலது சக்கரம் சிலை மாதிரி நிற்கிறது. இடது சக்கரம் ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒரு விரல் அகலம் பின்னால் போய்விட்டு வருகிறது. தம்பியை இறக்கி அவனையும் பார்க்கவைத்தேன், எனக்கு மட்டும்தான் தெரிகிறதோ என்று.

அடுத்த நாள் லிஃப்டில் ஏற்றச் சொன்னேன், நானும் அடியில் போய்ப் பார்த்தேன். லோயர் ஆர்ம் பின் புஷ்ஷில் ரப்பர் பாதி வட்டத்துக்கு, பிறைநிலா மாதிரி கிழிந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கோடுதான் தெரிகிறது. மெக்கானிக் கம்பியைக் கொடுத்து நெம்பியதும் அந்தக் கோடு வாயைத் திறக்கிறது, உள்ளே ரப்பர் பளபளவென்று, தூள்தூளாகக் கருப்பு மண் மாதிரி கொட்டுகிறது. பால் ஜாயின்டில் ஆட்டம் இல்லை. போன வருஷம் ஒரு பள்ளத்தில் இடது சக்கரம் டமாரென்று இறங்கியது, ரிம் வளையவில்லை என்று சந்தோஷப்பட்டுவிட்டு மறந்துவிட்டேன், அதுதானோ என்று இப்போது தோன்றுகிறது.

பழையகியர்:
இருக்கலாம். வயசானாலும் கிழியும். மாற்றும்போது இரண்டு பக்கமும் மாற்றுங்கள், வலதிலும் இலேசாக அதே சீப்பு இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இன்னொன்று, இதைப் பலர் கோட்டை விடுவார்கள்: ரப்பர் புஷ் வைத்த ஆர்மை வண்டி தொங்கிக்கொண்டிருக்கும்போது முழு முறுக்குக்கு இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் நின்று பாரம் விழுந்த நிலையில்தான் கடைசி முறுக்கு. இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் மறுபடி கிழியும்.

கிரீஸ்கை:
அதற்கப்புறம் மறுபடி அலைன்மென்ட், இந்தத் தடவைதான் அது வேலை செய்யும். முதலில் கேம்பர், கடைசியில் டோ, ஏனென்றால் கேம்பரைத் தொட்டால் டோ கலையும். செய்வதற்கு முன், செய்த பின் இரண்டு எண்ணும் உள்ள தாளைக் கேளுங்கள். பச்சையா சிவப்பா என்று மட்டும் பார்க்காதீர்கள், இடது எண்ணுக்கும் வலது எண்ணுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். பச்சைக்குள்ளேயே ஒன்று இந்தக் கோடியிலும் ஒன்று அந்தக் கோடியிலும் நிற்கும்.

டயர் விஷயம்: 2.1 இன்னும் 1.6க்கு மேல்தான், காடிக்குள் இருக்கிற தேய்மான மேடு 1.6 மி.மீ.இல் பட்டனோடு சமமாக வரும். பல நாடுகளில் சட்டம் சொல்கிற குறைந்தபட்ச ஆழமும் அதுதான். ஆனால் மழையில் அந்த ஓரத்தை நம்பாதீர்கள். சீப்பு மாதிரி தேய்ந்த டயர் அலைன்மென்ட் செய்த பிறகும் கொஞ்ச நாள் சத்தம் போடும், பயந்து மறுபடி ஓடாதீர்கள். முன் இரண்டையும் ஜோடியாக மாற்றிவிடுங்கள். அப்புறம் ஒரு திட்டு. பின்னால் 6.4, முன்னால் 5.6 என்றால் 18,000 கி.மீ. வரை ஒரு தடவைகூட இடம் மாற்றவில்லை நீங்கள். 8,000 அல்லது 10,000க்கு ஒரு தடவை மாற்றியிருந்தால் அப்போதே கழற்றி, உள் ஓரத்தைப் பார்த்திருப்பீர்கள்.

நாற்பதுகாத்து:
புது ஜோடி முன்னால்தானே போட வேண்டும்? இழுக்கிறதும் திருப்புகிறதும் அதுதானே.

கிரீஸ்கை:
எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள், நானும் நினைத்தேன். புதிய ஜோடி பின்னால். ஈரச் சாலையில் முன் சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பிடிப்பு திரும்பும். பின் சக்கரம் வழுக்கினால் வால் சுற்றிக்கொள்ளும், அதைப் பிடிக்கிற கை நம்மில் பலருக்குக் கிடையாது. பின்னால் இருக்கிற 6.4 முன்னால் வரட்டும். டயர் பக்கவாட்டில் அம்புக்குறி இருந்தால் அதே பக்கத்தில் முன்பின் மட்டும் மாற்றுங்கள், குறுக்கே மாற்றினால் அது எதிர்த்திசையில் சுற்றும்.

நாற்பதுகாத்து:
இது எனக்குத் தெரியாது. 40ஐயும் யோசிக்கிறேன். கதவு ஸ்டிக்கரில் 33 என்றிருக்கிறது.

கிரீஸ்கை:
காலையில், வண்டி எடுப்பதற்கு முன் அளந்து அடியுங்கள். ஓடிச் சூடான டயரில் எண் கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்துக் குறைத்துவிடாதீர்கள்.

உள்ளோரம்:
தகவல் சொல்லத் திரும்பி வந்தேன். இரண்டு பக்கமும் ஆர்ம் மாற்றி, தரையில் நிறுத்தியே இறுக்கச் சொல்லி (அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் செய்தார்), அலைன்மென்ட் செய்து 3,000 கி.மீ. ஆகிறது. முன்னால் வந்த பழைய பின் டயர்களை இன்று அளந்தேன். இடது: வெளி 6.0, நடு 6.1, உள் 6.0. வலது: 6.0, 6.1, 5.9. எந்தப் பக்கம் தடவினாலும் வழவழவென்றுதான் இருக்கிறது. பிரேக்கில் அந்த அசைவு போய்விட்டது, அது சாலைச் சாய்வு இல்லை.

பழையகியர்:
வலது உள் 5.9ஐ மட்டும் அடுத்த தடவையும் பாருங்கள். ஒரு தடவை அளந்ததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, கேஜை இலேசாகச் சாய்த்தாலே 0.1 மாறும்.

உள்ளோரம்:
பார்க்கிறேன் அண்ணே. கையோடு இன்னொன்றும் செய்தேன், காற்று அளக்கிற கேஜும் வாங்கியாயிற்றே என்று டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியையும் அளந்தேன். 11 காட்டியது.